கூட்டுப் பட்டியலை நம்பி வெளிநாட்டுக் கடைகளில் ஆடை வாங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கம்பளிக்காரன்:
வாங்கியவர்கள் பலர் சேர்ந்து நிரப்பும் அந்த விரிதாளைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு படம், சீனக் கடையின் இணைப்பு, யுவானில் விலை, முன்பு வாங்கியவர்கள் எழுதிவைத்த குறிப்பு. அதில் ஒரு கம்பளி மேலங்கி என் கண்ணில் பட்டது. "அளவு சரியாக இருக்கிறது" என்று பலர் எழுதியிருந்தார்கள். அளவுகளுக்கு எதிரே எடை என்ற தலைப்பின் கீழ் எஸ் 85 முதல் 100 வரை, எம் 100 முதல் 120 வரை என்று இருந்தது. என் எடை 86 கிலோ. வெளிநாட்டினருக்காகத் தாராளமாகத் தைக்கிறார்கள் போலும் என்று எண்ணி, வாழ்நாளில் முதல் முறையாக எஸ் அளவில் ஓர் ஆடை வாங்கினேன்.

பொதி வந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. வலக்கை உள்ளே போய்விட்டது. இடக்கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. போன வலக்கையோ திரும்பி வரவில்லை. அந்த நிலையில் நின்றுகொண்டு, இடக்கை விரல்களால் கைப்பேசியில் அந்த எடைத் தலைப்பின் சீன எழுத்தைத் தேடிப் பார்த்தேன். அது ஜின். ஒரு ஜின் என்பது 500 கிராம். நாற்பத்திரண்டரைக் கிலோவிலிருந்து ஐம்பது கிலோ வரை உள்ளவருக்குத் தைத்த அங்கிக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை எடுக்கலாமா என்று யோசித்த அந்த ஒரு நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இரவுப்பறவை:
உங்களுக்காவது பட்டியலில் பார்த்த அதே அங்கி வந்தது. நான் தேர்ந்தெடுத்த கோடுபோட்ட சட்டைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நல்ல குறிப்புகள் இருந்தன. நமக்காகச் சீனாவில் பொருளை வாங்கி, தன் கிடங்கில் வைத்துப் பிறகு நமக்கு அனுப்பும் ஏஜென்ட், அங்கே எடுத்த சோதனைப் படங்கள் நள்ளிரவில் வந்தன. கோடு சற்று அகலமாகவும் துணி சற்றுப் பளபளப்பாகவும் இருப்பதாகத் தோன்றியது. விளக்கொளியால் அப்படித் தெரிகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டேன். அந்த அழுத்தலைத்தான் இன்றுவரை நொந்துகொள்கிறேன். விற்பவர் பழைய இணைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சரக்கை மட்டும் மாற்றியிருக்கிறார். பழைய சட்டை சம்பாதித்த நற்பெயரில் புதிய சட்டை விற்றுக்கொண்டிருந்தது. சீனாவில் இணையத்தில் வாங்கும் பெரும்பாலான பொருள்களை, கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். 2014 மார்ச் 15 முதல் அது அங்கே சட்டம். ஆனால் அந்த ஏழு நாள் கிடங்கில் பெற்றுக்கொண்ட மறுநாளே ஓடத் தொடங்கிவிடுகிறது. என் சட்டை கப்பலேறும்போதே கணக்கு முடிந்துவிட்டது.

அளவுநாடா:
முதலில் எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும். இதில் பட்டியலின் குற்றம் எதுவும் இல்லை. 86 கிலோ உள்ளவருக்கு எஸ் பொருந்தும் என்று ஓர் அட்டவணை சொன்னால் அட்டவணையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எனக்கும் ஒரு முறை கால்சட்டை இறுக்கமாக வந்தது, அதோடு திருந்தினேன். என் கதை அவ்வளவுதான்.

இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எஸ், எம், எல் என்ற எழுத்துகளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரையும், தோளின் அகலத்தையும், கழுத்தடியிலிருந்து கீழ்விளிம்பு வரையும் நாடாவால் அளந்து, சென்டிமீட்டரில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மார்பளவு என்று தருவது சுற்றளவா, விரித்த அகலமா என்பதைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றின் இரு மடங்கு. சீன ஆடைகளின் உட்சீட்டில் 175/92ஏ என்பது போல் ஒரு குறி இருக்கும். முதல் எண் உடுத்துபவரின் உயரம், இரண்டாவது அவருடைய மார்புச் சுற்று. இரண்டும் உடலின் அளவுகள், ஆடையின் அளவுகள் அல்ல. கடைசி எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆண்களுக்கு ஏ என்றால் 12 முதல் 16 சென்டிமீட்டர், பி என்றால் 7 முதல் 11, சி என்றால் 2 முதல் 6. நம்மில் நாற்பதைக் கடந்த பலர் சி என்ற எழுத்தை நாணமின்றித் தேட வேண்டியவர்கள். கிடங்கில் ஆடை இருக்கும்போதே நாடா வைத்து அளந்து படமெடுக்கச் சொன்னால் பெரும்பாலான ஏஜென்ட்கள் சிறு கட்டணத்துக்குச் செய்து தருகிறார்கள். இவ்வளவும் செய்தால் எந்தப் பட்டியலும் உங்களை ஏமாற்ற முடியாது.

பொதிசுமை:
அளவுநாடா அவர்களே, இவ்வளவையும் நான் செய்தேன். பஞ்சடைத்த குளிர்ச்சட்டை எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. பட்டியலில் அதன் எடை 900 கிராம் என்றிருந்தது, அதுவும் உண்மையே. அதனுடன் இரண்டு ஜோடிக் காலணிகளை அட்டைப்பெட்டியோடு சேர்த்து அனுப்பச் சொன்னேன். மூன்று கிலோவுக்கும் குறைவாகத்தான் வரும் என்று கணக்கிட்டிருந்த எனக்கு, அனுப்புகைப் பக்கத்தில் 12 கிலோ என்று வந்தது. பிழை என்றே எண்ணி எழுதிக் கேட்டேன். பெட்டியின் அளவு 50, 40, 30 சென்டிமீட்டர்; மூன்றையும் பெருக்கினால் 60,000; அதை 5,000 ஆல் வகுத்தால் 12. விமானத்தில் எடை குறைவாக இருந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் பொதிக்கு இந்தக் கன அளவு எடையைத்தான் வசூலிப்பார்களாம். காற்றுக்கு ஒன்பது கிலோ கட்டணம் செலுத்திய ஒரே ஆள் நானாக இருக்க முடியாது. பட்டியலில் விலைக்கு ஒரு பத்தி, எடைக்கு ஒரு பத்தி, பருமனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. தொகுப்பவர்களுக்கு ஒவ்வொரு இணைப்பிலும் தரகு கிடைக்கிறது. ஆடை மலிவு என்று தெரிந்தால் போதும், மொத்தச் செலவு அவர்களுக்கு எதற்கு?

தூரதேசம்:
"சிறு பொட்டலத்துக்குச் சுங்கவரி இல்லை" என்று பட்டியலின் தலையிலேயே தடித்த எழுத்தில் இருந்தது. அதை எழுதிய காலத்தில் அமெரிக்காவில் அது உண்மை. 800 டாலர் வரை விலக்கு இருந்தது. சீனாவிலிருந்து வரும் பொருள்களுக்கு அந்த விலக்கு 2025 மே 2 அன்று நீக்கப்பட்டது. என் பொதி ஏப்ரலில் கிளம்பி மே மாதத்தில் வந்து சேர்ந்தது. வரி கேட்ட குறுஞ்செய்தியைப் படித்த கையோடு பட்டியலைத் திறந்தேன். தடித்த எழுத்து தடித்தபடியே இருந்தது.

வரிசை நாற்பத்தொன்று:
தரகு பற்றி எழுதிய நண்பருக்குப் பதில் சொல்லவே வந்தேன். சிலருக்குக் கிடைக்கிறது என்பது உண்மை. இரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டியலில் வரிசைகளைச் சேர்த்த எனக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை. ஆனால் நான் செய்தது அதைவிட மோசமானதோ என்று சில சமயம் தோன்றுகிறது. அடர்சிவப்புப் பின்னல் சட்டை ஒன்றின் கிடங்குப் படங்களைப் பார்த்த மகிழ்ச்சியில், அது என் கைக்கு வருவதற்கு முன்பே, "தரம் மிக அருமை, தயங்காமல் வாங்கலாம்" என்று எழுதிவிட்டேன். நான் எழுதுவதற்குள் வேறு யாராவது கண்டுபிடித்துவிடுவார்களே என்ற அவசரம்தான் காரணம். மூன்று வாரம் கழித்து, முன்பின் அறியாத ஒரு பெண்மணி படம் ஒன்றை அனுப்பினார். சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த துணிகள் ஒரு வாளியில் கிடந்தன. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய குழந்தைச் சீருடை முழுவதும் வெளிர்சிவப்பு. கோபச் சொல் ஒன்றுகூட இல்லை, "உங்களுக்கும் இப்படி ஆனதா?" என்று மட்டும் கேட்டிருந்தார். என் பொதி அன்றைக்கும் வந்து சேரவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? உடனே என் வரிசையை நீக்கினேன். அதற்குள் அது வேறு மூன்று பட்டியல்களுக்கு என் சொற்களோடு அப்படியே படியெடுக்கப்பட்டிருந்தது. அவற்றைத் திருத்தும் உரிமை எனக்கு இல்லை. அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

அளவுநாடா:
முதல் சலவையை எப்போதும் தனியாக, குளிர்ந்த நீரில் செய்ய வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் தையலோரத்தில் தேய்த்துப் பார்த்தாலே சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும்.

வரிசை நாற்பத்தொன்று:
நண்பரே, அந்தக் குறிப்பை நான் எழுதியபோது சட்டை என்னிடம் இல்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பளிக்காரன்:
கத்தரிக்கோல் தேவைப்படவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். மனைவி வந்து கழற்றிவிட்டார். மேலங்கி இப்போது அவருடைய தங்கையிடம் இருக்கிறது. 47 கிலோ உள்ள அவருக்கு அது மிகச் சரியாகப் பொருந்துகிறது, எனவே குறிப்பு எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எடை என்ற தலைப்பின் பக்கத்தில் "ஜின், அரைக் கிலோ" என்று சேர்த்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், யாரோ ஒரு நல்லவர் அதைப் பிழை என்று கருதி "கிலோ" என்று திருத்திவைத்திருந்தார்.