டபுள்திங்க்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
கொடுங்கோலாட்சிப் புனைவுகள் குறித்த முதுகலைப் பாடத்தின் சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1949-இல் வெளியான ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் வரும் டபுள்திங்க்கில் (ஒன்றுக்கொன்று முரணான இரண்டை ஒரே நேரத்தில் உண்மையென நம்புவது) வேலை நின்றுவிட்டது. ‘இரட்டைச்சிந்தனை’ என்று கொடுத்தால் மாணவர்கள் ‘கபடம்’ என்று விளக்கம் எழுதுகிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?
ம.

> ‘கபடம்’ என்று விளக்கம் எழுதுகிறார்கள்

கபடம் இல்லவே இல்லை அம்மா. உணவுக்கூடக் காட்சியைப் பாருங்கள். சாக்லேட் பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது என்று முதல்நாள் அறிவிப்பு. மறுநாளே, வாரத்துக்கு 20 கிராமாக ‘உயர்த்தியதற்கு’ நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாகத் தொலைத்திரை சொல்கிறது. நாயகன் வின்ஸ்டனின் அண்டைவீட்டான் பார்சன்ஸ் அதை அப்படியே விழுங்குகிறான், அது மந்தபுத்தி. சைமும் விழுங்குகிறான். ஆனால் அவன் அகராதி தொகுப்பவன், கூர்மையானவன், தெரிந்துகொண்டே நம்புகிறான். டபுள்திங்க் சைமிடம் நடப்பதுதான். கபடக்காரன் உண்மையைப் பிறரிடம் மறைப்பான். இவன் தன்னிடமே மறைக்கிறான், மறைத்ததையும் மறந்துவிடுகிறான். ‘பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்றார் வள்ளுவர். அந்தச் சூடே தெரியாதபடி நெஞ்சைப் பழக்குவதுதான் இது. என் பரிந்துரை: அறிந்தறியாமை.
செ.

செ. ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் ‘அறிந்தும் அறியாமலும் செய்த பிழை’ என்று வேண்டிக்கொள்ளும்போது இதுவோ அதுவோ என்றுதான் பொருள். நமக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். மேலும், ஆளும் கட்சி உருவாக்கும் புதுமொழியின் (நியூஸ்பீக்) இலக்கணம் நாவலின் பின்னிணைப்பில் தெளிவாக இருக்கிறது: எந்தச் சொல்லும் பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும், அரசியல் சொற்கள் குறுகலாக, யோசிக்க இடம் தராமல் வாயிலிருந்து உதிர வேண்டும். குட்திங்க், கிரைம்திங்க் எல்லாம் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் பெயர்த்தால் குடும்பம் சிதறும். நமக்கு முதனிலைத் தொழிற்பெயர் (வினையின் வேரே பெயராக நிற்பது) இருக்கிறதே! ‘நினை’ பொது உறுப்பாகட்டும்: நல்நினை, குற்றநினை, இருநினை. இருநினைத்தான், இருநினைப்பவன் என வினையாகவும் வரும்.
பா.

‘இருநினை’யை வகுப்பில் உரக்கச் சொல்லிப் பாருங்கள் தம்பி. ‘இரு, நினை’ என்றுதான் காதில் விழும்: பொறு, யோசி. கட்சி எதைத் தடுக்கிறதோ அதையே சொல் ஏவுகிறது.
இரண்டு என்பது மெய்முன் இரு, உயிர்முன் ஈர் ஆகும்: இருநூறு, ஈராயிரம். ஆகவே ‘எண்’ணைச் சேர்த்து ஈரெண் என்பேன். ‘எண்ணித் துணிக’ என்பதில் எண்ணம். ‘எண்ணிப் பார்’ என்றால் கணக்கும் ஆகும், நினைப்பும் ஆகும். சித்திரவதைக் காட்சியில் வின்ஸ்டனை வதைக்கும் கட்சிக்காரன் ஓ'பிரையன் இடக்கையின் புறங்கையைக் காட்டி, கட்டைவிரலை மறைத்து, நான்கு விரல் நீட்டுகிறான். கட்சி ஐந்து என்றால் எத்தனை என்பது கேள்வி. அங்கே எண்ணிக்கையை உடைத்தால் எண்ணம் உடைகிறது. இரண்டுக்கும் ஒரே வேர் வைத்த மொழி நம்முடையது.
கு.

கு. ஐயா, வேர் சரி. ‘ஈரெண்’ என்று அச்சிட்டால் கணினி மாணவர் இரும எண் என்று படிப்பார். வெள்ளிக்கிழமைக்குள் இதைச் சரிசெய்ய முடியாது. டபுள்திங்க் என்றே விடலாமே?
வ.

அப்படி விட்டால் மூலத்தின் உத்தியே போய்விடும். ‘டபுள்’, ‘திங்க்’ இரண்டும் ஆங்கில வாசகருக்கு அன்றாடச் சொற்கள். தமிழ் எழுத்தில் அவை ஒட்டாத ஓசையாகிவிடும். பழைய மொழியில் இதற்கு ‘மெய்ந்நிலைக் கட்டுப்பாடு’ என்று பெயர் என்றும் நாவல் சொல்கிறது. அந்த நீளத்தின் பக்கத்தில் வைத்தால்தான் புதுச்சொல் எவ்வளவு நறுக்கப்பட்டது என்று தெரியும்.
பா.

நன்றி. இருநினைக்கு இருவர், ஈரெண்ணுக்கு ஒருவர், மற்ற ஐவரும் பழையதே போதும் என்கிறார்கள். இரட்டைச்சிந்தனை என்றே அனுப்புகிறேன். வினையாக ‘இரட்டைச்சிந்தனை செய்’ என்று போடுகிறேன். தளர்வாக இருக்கிறது, தெரிகிறது.
ம.

என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள் அம்மா. இரட்டை வேடம், இரட்டை நாக்கு என்று தமிழில் ‘இரட்டை’ சேர்ந்தாலே பிறரை ஏமாற்றுவதாகத்தான் படும். விளக்கத்தின் முதல் வரியிலேயே பார்சன்ஸையும் சைமையும் அடுத்தடுத்து வையுங்கள். அந்த 20 கிராம் சாக்லேட்டை விடவேண்டாம்.
செ.