பக்கத்துத் தெருக்காரருக்கே நாம் ஏன் தெரிவதில்லை? ஐ.டி. பராமரிப்புத் தொழிலில் இருப்பவர்களின் அனுபவங்கள்

பீளமேடு நெட்வொர்க்

அந்தத் தொழிற்சாலை எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. பம்ப்செட்டுகளுக்கு உதிரிபாகம் செய்கிறார்கள். அவர்களுடைய கணக்குச் சர்வரில் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்து டேலி கணக்குத் தரவு முழுவதும் பூட்டிக்கொண்டதும், காந்திபுரத்திலிருந்து வேறொரு நிறுவனத்தார் வந்து மீட்டுக் கொடுத்ததும், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தன. உரிமையாளரை பேக்கரியில் பார்த்தபோது, "நீங்க லேப்டாப் ரிப்பேர் கடைன்னுதானுங்க நெனச்சேன், மேப்புலயும் அப்படித்தானே போட்டிருக்குது" என்று மிக இயல்பாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை.

அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. நாங்கள் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய காலத்தில் பொருத்தமாக இருந்த 'கணினி பழுதுபார்ப்புச் சேவை' என்ற முதன்மை வகை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு முழுமையாக மாறிய பிறகும் எங்கள் கூகுள் வணிகப் பதிவில் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நிறுவனத்தைக் காட்டும் பதிவில்) அப்படியே நின்றது. உடைந்த திரை, பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் என்று நாள் முழுவதும் வந்துகொண்டிருந்த அழைப்புகளுக்கும் அதுவே காரணம். முதன்மை வகையை 'கணினி ஆதரவும் சேவைகளும்' என்று மாற்றினோம். நெட்வொர்க், பாதுகாப்பு ஆகியவற்றைத் துணை வகைகளாகச் சேர்த்தோம். சேவைப் பட்டியலில் ஃபயர்வால் பராமரிப்பு, பேக்கப் கண்காணிப்பு, மின்னஞ்சல் இடமாற்றம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதினோம். அழைப்புகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் இப்போது அழைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிஸ்டத்துக்கு ஒப்பந்தம் போடுவீர்கள்" என்பதைத்தான். நம் தொழிலில் வகைதான் முதல் படி, மற்றவை எல்லாம் அதற்குப் பின்னரே என்பது என் உறுதியான கருத்து.

அம்பத்தூர் எஸ்டேட்

பீளமேடு நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. வகை சரியாக இருந்தும், கடை மூடியிருக்கிறது என்று வரைபடம் காட்டினால் நெருக்கடியில் இருப்பவர் நம்மை அழைக்க மாட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வெள்ளத்தில் எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் நிலை எப்படி இருந்தது என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னிரவில் ஒருவர் அழைத்தார். மருந்து மொத்த வியாபாரி. அதற்கு முன் எங்களுக்கு அறிமுகமே இல்லாதவர். தரைத்தளத்து அறையில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு, "வேற கம்ப்யூட்டர்ல மாட்டி ஆன் பண்ணிப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டார். எங்கள் பொறியாளர் தம்மை மீறிச் சத்தம் போட்டுவிட்டார்: "தயவுசெய்து மாட்டாதீங்க." நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்திருந்தால் அவருடைய பில்லிங் தரவு அன்றோடு போயிருக்கும். எங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பிறகு கேட்டபோது, அந்த நேரத்தில் 'திறந்திருக்கிறது' என்று காட்டியது எங்கள் பெயர் மட்டும்தான் என்றார்.

தேடும் நேரத்தில் திறந்திருக்கும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கிடைப்பதை உள்ளூர்த் தேடல் வல்லுநர்கள் சுட்டிக்காட்டியதும், கூகுள் தரப்பு அதை ஒப்புக்கொண்டதும் அதே 2023 இன் இறுதியில்தான். பொருத்தம், தூரம், நன்கறியப்பட்ட தன்மை ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டே உள்ளூர் முடிவுகள் அமைகின்றன என்று கூகுள் முன்பிருந்தே சொல்லி வருகிறது. இப்போது அவற்றோடு நேரமும் சேர்ந்திருக்கிறது. பழுதுபார்க்கும் கடை இரவில் மூடியிருந்தால் வாடிக்கையாளர் மறுநாள் வருவார். சர்வர் நின்றுபோனவரால் விடியும்வரை காத்திருக்க முடியாது. எங்களிடம் இரவுப் பணியாளர் உண்மையாகவே இருக்கிறார், ஆகையால் இருபத்து நான்கு மணி நேரமும் என்று குறிப்பிட்டிருக்கிறோம். இரவுப் பணி இருக்கும் எல்லாரும் அப்படியே குறிப்பிடுங்கள்.

திருப்பூர் ஐ.டி. சப்போர்ட்

என் அனுபவம் பெயரைப் பற்றியது. வரைபடத்தில் முதல் மூன்று இடங்களுக்குள் கொண்டுவருவதாக உறுதியளித்த ஒரு தேடல் மேம்பாட்டு நிறுவனம், எங்கள் பதிவின் பெயரோடு 'சிறந்த ஐ.டி. சேவை திருப்பூர் அவிநாசி' என்ற நீண்ட வாலை எங்களிடம் கேட்காமலேயே ஒட்டிவிட்டது. வெளியில் நிறுவனம் எந்தப் பெயரில் அறியப்படுகிறதோ அந்தப் பெயர் மட்டுமே பதிவில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பதிவு முடக்கப்பட்டது.

முடக்கம்கூட என்னை அவ்வளவாக உறுத்தவில்லை. எங்கள் வாடிக்கையாளரான பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு, அவருடைய வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) ஒரு தகவல் பாதுகாப்புப் படிவம் அனுப்பியிருந்தார். அதில் ஐ.டி. பராமரிப்பாளர் யார் என்ற கேள்விக்கு எங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். தணிக்கைக்கு வந்தவர் எங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நிறுவனமே இல்லை போலிருக்கிறதே" என்று ஏற்றுமதியாளரின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். பல ஆண்டுகளாக எங்களை நம்பிய மனிதர் அன்று பதில் சொல்ல முடியாமல் அமர்ந்திருந்ததை அவருடைய மேலாளர் விவரித்தபோது எனக்குத் தாங்கவில்லை. புதிதாக ஒருவரை அழைத்து வருவது மட்டுமே வரைபடத்தின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர் நம்மை மற்றவருக்கு அடையாளம் காட்டும் இடமும் அதுதான்.

மீட்பதற்கு மேல்முறையீடு செய்யும் முன் ஆவணங்களைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றுகளைப் பதிவேற்றும் பக்கம் திறந்தால் 60 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். ஜி.எஸ்.டி. சான்றிதழ், மின்கட்டண ரசீது, பெயர்ப் பலகையின் படம் ஆகிய மூன்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்ததே எங்களுக்கு உதவியது. நுழைவாயில் பெயர்ப் பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 18 சொல்கிறது. அதை வெறும் சம்பிரதாயமாக நினைத்தவர்களுக்கு இங்கே அது நேரடியாகப் பயன்படும். கூகுள் காணொளிச் சரிபார்ப்பு கேட்டால் தெருவிலிருந்து தொடங்கி, பலகையைக் காட்டி, பூட்டை நீங்களே திறந்து, உள்ளே இருக்கும் உபகரணங்கள்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். பீளமேடு நண்பரின் பதிவைப் படித்து உடனே வகையை மாற்றக் கிளம்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகை, பெயர், முகவரி மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மறுசரிபார்ப்பு கேட்கப்படும் வாய்ப்பு அதிகம்.

மதுரை மாட்டுத்தாவணி

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தோல் பதனிடும் ஆலையின் மேலாளர் எங்களை அழைத்தபோது, எங்கள் இணையதளக் கட்டுரை ஒன்றை அச்சிட்டுக் கையில் வைத்திருந்தார். வரைபடத்தில் அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வரைபடத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பது போதாது.

அம்பத்தூர் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு, இரவுப் பணியே இல்லாதவர்களும் இருபத்து நான்கு மணி நேரம் என்று போடுவார்கள் என்பது என் கவலை. நள்ளிரவில் ஒலித்து ஒலித்து ஓயும் தொலைபேசி, ஒற்றை நட்சத்திர மதிப்புரையாகத்தான் திரும்பி வரும். இரவில் ஒருவர் எடுக்கிறார் என்பதைப் பல மாதம் நிரூபித்த பின்னரே நேரத்தை மாற்ற வேண்டும்.

அடுத்தது சேவைப் பகுதி. வாடிக்கையாளர் நம் இடத்துக்கு வருவதில்லை, நாம்தான் அவரிடம் போகிறோம் என்றால், முகவரியை மறைத்துவிட்டு 20 பகுதிகள்வரை குறிப்பிடலாம்; எல்லை நம் இடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் விருதுநகரையும் தேனியையும் பட்டியலில் சேர்த்ததாலேயே அங்கே மேலே வந்துவிடுவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் முடிவடைந்த உள்ளூர்த் தேடல் மாற்றத்துக்குப் பிறகு தேடுபவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலுள்ள தூரத்தின் எடை கூடிவிட்டது என்பதையே நான் நடைமுறையில் பார்க்கிறேன். தொலைவிலுள்ள ஊர்களுக்கு இணையதளம்தான் வழி. அதிலும் ஒரே பக்கத்தை நகலெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி வைப்பது கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு எதிரானது. அந்த ஊரில் எந்தத் தொழில், அந்தத் தொழிலில் எந்த மென்பொருள், மின்தடை எப்படி, இணைய இணைப்பு எப்படி என்று அங்கே வேலை செய்தவருக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். 2024 மார்ச்சில் வணிகப் பதிவோடு இலவசமாக வந்த இணையதளங்கள் மூடப்பட்டுவிட்டன; இன்னும் அந்த இணைப்பையே விசிட்டிங் கார்டில் அச்சிட்டு வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றட்டும்.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்குப் பஞ்சமே இல்லாத காலம் இது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவேடுகளை (லாக்) 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். சிறு ஆலைகளில் பலருக்கு இது தெரியாது. திண்டுக்கல் மேலாளர் கையில் வைத்திருந்தது இதைப் பற்றிய கட்டுரைதான். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகளை என்ன செய்வது என்று ஒவ்வொரு அலுவலகமும் கேட்டுக்கொண்டிருந்தது. இவற்றுக்கு நம் ஊர் வாடிக்கையாளரின் சூழலை வைத்துப் பதில் எழுதுபவரே தேடலில் நிற்பார். மதிப்புரைகளுக்குத் தள்ளுபடியோ பரிசோ தராதீர்கள், அது விதிமீறல். வேலை முடிந்த அன்றே எல்லா வாடிக்கையாளரிடமும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

துவாக்குடி சிஸ்டம்ஸ்

"எல்லா வாடிக்கையாளரிடமும் கேளுங்கள்" என்ற மதுரை நண்பரின் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

திருச்சியில் நாங்கள் பராமரிக்கும் ஒரு மருத்துவமனையின் நிர்வாக அலுவலரிடம் மதிப்புரை எழுதித் தரும்படி கேட்டேன். அவர் மறுப்பு ஏதும் சொல்லாமல், தம் திரையை என் பக்கம் திருப்பினார். வேறொரு ஊரில், வேறொரு பராமரிப்பு நிறுவனத்துக்கு, வேறொரு மருத்துவமனை எழுதிய மதிப்புரை அதில் இருந்தது. சர்வர் இவர்கள் பொறுப்பு, ஃபயர்வால் இன்ன தயாரிப்பு, பேக்கப் இன்ன மென்பொருள் என்று நன்றியோடு விவரமாக எழுதியிருந்தார்கள். அதைக் காட்டிவிட்டு, "இதை யாரெல்லாம் படிப்பாங்க சார்?" என்று மட்டும் கேட்டார். நான் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் அஞ்சியதற்கு நம் தொழிலின் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிலைப் பராமரிப்பு மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியபோது, முதலில் சிக்கியவர்கள் நம்மைப் போன்ற பராமரிப்பாளர்கள். அவர்கள் வழியாக ஏறத்தாழ 1,500 நிறுவனங்கள்வரை பாதிக்கப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற பல்பொருள் அங்காடித் தொடர் தன் கடைகளில் பெரும்பாலானவற்றை மூட நேர்ந்தது. கல்லாப் பெட்டிகள் இயங்கவில்லை. 2022 மே மாதத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளின் இணையப் பாதுகாப்பு அமைப்புகள் சேர்ந்து, பராமரிப்பு நிறுவனங்களைக் குறிவைக்கும் தாக்குதல்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டன. ஒரு வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஊரறிய எழுதி ஒட்டுவதற்கும், யார் எந்த நிறுவனத்தின் சர்வரைப் பார்க்கிறார் என்பதை மதிப்புரையில் எழுதுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

உணவகமோ பல் மருத்துவமனையோ மதிப்புரை சேர்ப்பதைப் போல நாமும் சேர்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அவர்களுக்கு மதிப்புரையால் வாடிக்கையாளருக்கு எந்த ஆபத்தும் வருவதில்லை. நமக்கு வரும். திருப்பூர் நண்பர் காணொளியில் உபகரணங்களைக் காட்டச் சொன்னதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

திருப்பூர் ஐ.டி. சப்போர்ட்

அந்தக் காணொளி சரிபார்ப்புக்கு மட்டுமே போகிறது, பதிவில் பொதுவாகக் காட்டப்படுவதில்லை. காட்டச் சொன்னதும் நம் அலுவலக உபகரணங்களைத்தான், வாடிக்கையாளருடையவற்றை அல்ல. ஆனால் பதிவில் நாமே பதிவேற்றும் படங்களைப் பற்றித் துவாக்குடி நண்பர் சொல்வது முற்றிலும் சரி. ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண்) ஒட்டிய சர்வர் ரேக், வாடிக்கையாளர் பெயர் எழுதிய கேபிள் குறிகள் இவற்றோடு எடுத்த படங்களைப் பலருடைய பதிவுகளில் இன்றும் பார்க்கிறேன்.

பீளமேடு நெட்வொர்க்

மதிப்புரையே இல்லாமல் நாம் எப்படி மேலே வருவது? மருத்துவமனையும் நிதி நிறுவனமும் எழுதக்கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் யார் எழுதலாம், என்ன எழுதலாம் என்பதையும் துவாக்குடி நண்பர் சொல்ல வேண்டும்.

துவாக்குடி சிஸ்டம்ஸ்

நியாயமான கேள்வி. நோயாளி விவரம், பணப் பரிமாற்றம், பாதுகாப்புத் துறைக்கான பொறியியல் வரைபடம் ஆகியவற்றைக் கையாளும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் பொதுவெளியில் எதையும் கேட்பதில்லை. புதிய வாடிக்கையாளர் பரிந்துரை கேட்டால், முன் அனுமதி பெற்று, தொலைபேசியில் பேச ஏற்பாடு செய்கிறோம். மற்றவர்களிடம் எழுதச் சொல்லும்போது எந்த உபகரணம், எந்த மென்பொருள் என்பதைத் தவிர்க்கச் சொல்கிறோம். வந்து சேர்ந்த நேரம், பேசிய விதம், இருக்கும் பகுதி ஆகியவற்றை எழுதினால் போதும். நாங்கள் எழுதும் பதில்களிலும் வாடிக்கையாளரின் நிறுவனப் பெயரைச் சொல்வதில்லை.

இங்கே பாய்லர் பாகங்களுக்கு ஃபேப்ரிகேஷன் செய்யும் பட்டறை உரிமையாளர் ஒருவர், "துவாக்குடியில் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் வந்து நெட்வொர்க்கைச் சரிசெய்து கொடுத்தார்கள், வேலை நிற்கவில்லை" என்று தமிழில் எழுதினார். அதில் தாக்குபவருக்குப் பயன்படும் விவரம் ஏதும் இல்லை. வாடிக்கையாளர் தேடும் ஊர், வேலை, நேரம் மூன்றும் இருக்கின்றன. அதற்குப் பிறகு சிட்கோ தொழிற்பேட்டைப் பகுதியிலிருந்து எங்களை அழைப்பவர்களில் பலர் அந்த மதிப்புரையைப் படித்ததாகத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மருத்துவமனை நிர்வாக அலுவலரிடமும் அதைக் காட்டினேன். இப்படி எழுதுவதில் தமக்கு மறுப்பில்லை, ஆனால் மருத்துவமனை சார்பில் எழுத மாட்டேன் என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.