மேற்கு மாம்பலம் யாருடைய கோட்டை?

கேள்வி (ஜூன் 2024)

மேற்கு மாம்பலத்துக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அலுவலகத்தில் ஏரியா பெயரைச் சொன்னாலே "ஓ, பி.ஜே.பி. ஏரியாவா?" என்கிறார்கள். ஆனால் எங்கள் தெருமுனை டீக்கடையில் உதயசூரியன் பேச்சுதான் அதிகம் கேட்கிறது. இந்த நாடாளுமன்றத் தேர்தலிலும் தென்சென்னையில் தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். இந்தப் பகுதி உண்மையில் எந்தப் பக்கம்? இங்கேயே பல காலமாக இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

சந்தேகமே வேண்டாம், தாமரைதான். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளில் பா.ஜ.க. ஜெயித்த ஒரே வார்டு நம்முடைய 134. பஜனையும் உபன்யாசமும் நடக்கும் அயோத்தியா மண்டபம் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள், புரிந்துவிடும்.

பதில் 2

அயோத்தியா மண்டபத்தை வைத்து மாம்பலத்தைக் கணிக்க வேண்டாம் சார். ஆரிய கவுடா சாலை ஒரு மாம்பலம். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்துகள் இன்னொரு மாம்பலம். நான் இந்த ஊர்க்காரன். இரட்டை இலைக்குப் பல தேர்தல்களில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிட்டேன், அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் 134. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியாக நின்றன. தி.மு.க. கூட்டணியில் இந்த வார்டு காங்கிரசுக்குப் போனது. அதாவது வாக்குப்பதிவு இயந்திரத்தில் உதயசூரியனே கிடையாது. சூரியனுக்கே குத்திப் பழகியவர்களில் எத்தனை பேர் கை சின்னத்துக்காகக் கிளம்பி வருவார்கள்? அதோடு சென்னை முழுக்க அன்று பதிவானதே சுமார் 43 சதவீதம்தான். பாதிக்கு மேல் வீட்டில் இருந்த தேர்தலில், கட்டுக்கோப்பாக வந்து குத்தியவர்கள் ஜெயித்தார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், நானே பார்த்தேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பிறகு, 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகரும் மாம்பலமும் முழங்கால் தண்ணீரில் நின்றன. புகார் சொல்ல ஒரு முகம் கிடையாது. அந்தக் கோபம் ஆறுவதற்குள், பிப்ரவரியில் ஓட்டு. தண்ணீர் நின்ற தெருக்காரர்கள் கொள்கை பார்த்தா ஓட்டுப் போட்டிருப்பார்கள்?

சட்டமன்றத் தேர்தல் வேறு கணக்கு. மாம்பலம் அடங்கிய தி.நகர் தொகுதியில் 2006, 2011, 2016 மூன்று முறையும் இரட்டை இலை. 2006-லும் 2011-லும் வி.பி. கலைராஜன், 2016-ல் சத்தியநாராயணன். 2021-ல் தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி ஜெயித்தார். வித்தியாசம் 137 ஓட்டு! தொகுதிக்கே 137. பா.ஜ.க. அப்போது எங்கள் கூட்டணியில் இருந்தது, தாமரைக்காரர்களும் இலைக்குத்தான் போட்டார்கள். கமலின் மக்கள் நீதி மய்யத்துக்காக டார்ச் லைட்டில் பழ. கருப்பையா நின்றார். இரண்டு கழகமும் வேண்டாம் என்ற படித்த வீடுகளின் ஓட்டு அங்கே கணிசமாகப் போனது.

137 என்றால் என்ன தெரியுமா? இரண்டு மூன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. மதியம் மூன்று மணிக்குப் பட்டியலைப் பார்த்தால், டிக் விழாத பெயர்கள் வரிசையாகக் கிடக்கும். பிள்ளையோடு பெங்களூரில் இருப்பவர், வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரம் தாண்டிப் போனவர், கொரோனா பயத்தில் வராத பெரியவர். சந்துகளில் காலையிலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். மாடிவீடுகளில் "வெயில் தாழட்டும்" என்பார்கள், அப்புறம் ஆறு மணியாகிவிடும். இந்த ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை, சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. தென்சென்னையில் முதலில் 67 சதவீதம் என்று அறிவித்து, பிறகு 54 என்று திருத்தினார்கள். திருத்திய கணக்கு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆகவே இதை யாருடைய கோட்டை என்றும் என்னால் சொல்ல முடியாது. யார் அன்று வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள் என்பதுதான் இங்கே முடிவு செய்கிறது. வராதவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

பதில் 3

அண்ணே, சந்துகளில் காலையிலேயே விழும் என்றீர்களே, அது முழுக்கச் சரி. நான் ஸ்டேஷன் பக்கம், நாலு வீட்டில் வேலை செய்கிறேன். ஓட்டுப் போடவில்லை என்றால் எங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள், அப்புறம் ரேஷனுக்கும் சிக்கல் வரும் என்ற பயம் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு உண்டு. அது உண்மையில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள். என் அம்மா இலை, ஜெயலலிதா அம்மாவுக்காக. நான் சூரியன், பஸ்ஸில் காசு இல்லாமல் போகிறேனே, அதற்காக. ஒரே வீட்டுக்குள்ளேயே இப்படி என்றால், ஏரியாவை எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி சார். தெருவாரியாக நானே பார்க்க வழி இருக்கிறதா?

பதில் 2

இருக்கிறது தம்பி. படிவம் 20 என்று கேளுங்கள். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போடுவார்கள். பாகம் எண்ணை, அதாவது வாக்காளர் பட்டியலில் உங்கள் பகுதிக்குக் கொடுத்த எண்ணை, மட்டும் வைத்துப் பழைய தேர்தலோடு ஒப்பிடாதீர்கள், எண் மாறியிருக்கலாம். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் அந்தப் பாகத்தில் வரும் தெருக்களின் பெயர் இருக்கும். அதை வைத்துப் பொருத்துங்கள்.

நம் கண்ணுக்குத் தெரியும் இந்தக் கணக்கு கட்சிக்காரர்கள் கண்ணுக்கும் தெரியும். எந்தத் தெரு கைவிட்டது என்று அடுத்த நாளே சொல்லிவிடுவார்கள். பல பூத்துகளின் ஓட்டைக் கலந்து மொத்தமாக எண்ணும் கருவி ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது, இன்றுவரை வரவில்லை. வர வேண்டும் என்பேன், ஏஜென்டாக இருந்த நானே. அதுவரை பார்க்க முடிவதைப் பாருங்கள். இந்தத் தேர்தலின் படிவம் வந்ததும் 2021-ஐயும் பக்கத்தில் வைத்து லேக் வியூ சாலைப் பக்கத்துப் பாகங்களிலிருந்து தொடங்குங்கள். சந்தேகம் வந்தால் இங்கேயே போடுங்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தத் தெரு ஓட்டுப் போடுகிறது என்று நான் சொல்கிறேன்.