விகதகுமாரன், ரோசி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தோவாளைக்காரி:
2023 பிப்ரவரி 10, கூகுள் முகப்பில் பி.கே. ரோசி வந்த அன்று. கதை எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. நாகர்கோவிலில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போனை நீட்டி, "மலையாள சினிமாவோட முதல் கதாநாயகி ஆச்சி, 'விகதகுமாரன்'ங்கிற மௌனப் படத்துல நடிச்சவங்க, கல்லெறிஞ்சு வீட்டைக் கொளுத்தி ஊரைவிட்டே ஓட வெச்சிட்டாங்க, அப்புறம் ராஜம்மாள்னு பேரை மாத்திக்கிட்டு நம்ம ஊர்லதான் இருந்திருக்காங்க" என்றேன். ஆச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "ஆளு கொள்ளாம். எந்தத் தெருவாம்?" நான் நிஜமாகவே விலாசம் கேட்கிறார் என்று நினைத்து, தெரியலையே, வடசேரிப் பக்கமா இருக்குமோ என்னவோ என்று உளறினேன். ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்துவிட்டார். ராத்திரி படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கிழக்குக்கோட்டை:
வயசானவங்களை மட்டும் சொல்லி என்ன பண்ண? விகதகுமாரன் எடுத்த கதையைச் சொல்லும் 'செல்லுலாய்ட்' படம் 2013இல் வந்தபோது திருவனந்தபுரத்தில் ஆபீஸ் ஆட்களோடு போனேன். விகதகுமாரன் முதலில் திரையிட்ட கேபிடல் தியேட்டரில் நடந்த கலவரம் தெரியும்தானே. நாயர் வீட்டு சரோஜினியாக ஒரு புலையப் பெண் நடிப்பதா என்று கூட்டம் கொதித்துக்கொண்டிருக்க, படத்தை எடுத்து நாயகனாகவும் நடித்த ஜே.சி. டேனியல் அவள் கூந்தல் பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் திரை கிழிந்தது. நடித்தவளுக்கே அன்று தியேட்டரில் இடமில்லை. என் பக்கத்தில் எங்கள் சீனியர், நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான், "என்ன ஜனங்கய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அதே மனுஷன் தன் பெண்ணுக்கு வரன் தேட ஒரு தாளை நீட்டி டைப் அடிக்கச் சொன்னார். முதல் வரியே சாதி, உட்பிரிவோடு.

இன்னொன்று, கூகுளில் வந்தது ஓவியம். ஆச்சி பார்த்தது ரோசியின் போட்டோ இல்லை.

ஆபரேட்டர் பேரன்:
என் கதை சின்னது. தாத்தா டூரிங் டாக்கீஸில் இருந்தவர், அவர் பரணில் ஒரு தகர டப்பா. திறந்தால் ஃபிலிம் பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. என்ன படம் என்று கடைசிவரை தெரியவில்லை. விகதகுமாரனும் இப்படித்தானே, ஒரு பிரதி கூட மிச்சமில்லை. 'செல்லுலாய்ட்'டில் டேனியலின் மகன் விளையாட்டாக ஃபிலிமைக் கொளுத்துவானே, அது சும்மா காட்டியதில்லை, அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. அதனால் யார் வீட்டிலாவது பழைய டப்பா இருந்தால் அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். புளித்த காடி வாடை வந்தால் அது பிற்பாடு வந்த அசிடேட் ஃபிலிம், தீ பயம் அவ்வளவு இல்லை, ஆனால் அதுவும் சுருங்கி வீணாகும். பழைய இரும்புக் கடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், வெள்ளி எடுக்க என்று வாங்கிப்போய்க் கழுவிவிடுவார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே எழுதுங்கள். அது வந்ததே 1964இல், அதற்குள் மௌனப் படங்கள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன, அது வேறு கதை. டப்பாமேல் எழுதியிருப்பதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தோவாளைக்காரி:
சார், எங்கள் வீட்டில் டப்பா இல்லை :)
கிழக்குக்கோட்டை, ஆச்சியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. "வடசேரி" என்று பதில் சொன்னது நான், அதுதான் உறுத்துகிறது. சரி, அந்தத் தாளை டைப் அடித்தீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.

கிழக்குக்கோட்டை:
அடித்தேன். இரண்டு பிரதி கேட்டார்.