வால்ஜூ 7750: சர்வீஸுக்குப் பிறகு க்ரோனோ முள் சில நேரம் 12-க்கு நேராக நிற்பதில்லை

கேள்வி:
வால்ஜூ 7750 என்ற க்ரோனோ (ஸ்டாப்வாட்ச்) இயந்திரம் போட்ட ஆட்டோமேட்டிக் வாட்ச், முழு சர்வீஸ் முடிந்து வந்திருக்கிறது. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்தால் (அதில் கொடுக்க வேண்டிய லிஃப்ட் ஆங்கிள் 49) ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு, 288 டிகிரி, நாளுக்கு +5 வினாடி, பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வேறுபாடு) 0.2 மில்லி வினாடி. க்ரோனோவை ஓடவிட்டால் ஆம்ப்ளிட்யூட் 262 ஆகிறது. ஸ்டார்ட் அழுத்தும்போது வினாடி முள் லேசாகத் துள்ளுகிறது. ரீசெட் செய்தால் சில நேரம் சரியாக 12-இல், சில நேரம் ஒரு வினாடி தள்ளி நிற்கிறது. கடையில் கேட்டால் 7750 என்றாலே இப்படித்தான் என்கிறார்கள். உண்மையா?

பதில் 1:
முதல் இரண்டுக்கும் உண்மை, மூன்றாவதற்கு இல்லை.

க்ரோனோ சக்கரங்களையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் 20, 30 டிகிரி இறங்குவது இயல்பு. 40-க்கு மேல் போனால்தான் பல் கடிப்பு ஆழமா, பிவட் (சக்கரத் தண்டின் முனை) எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுச் சாவியில் எடுத்த அளவு மட்டும் போதாது. 24 மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டு, க்ரோனோவை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 200-க்குக் கீழே போகக் கூடாது.

துள்ளல், க்ரோனோவை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்ச்சால் வருவது. 7750-இல் சாய்ந்து வந்து கடிக்கும் ஒரு சின்னப் பினியன் (பற்சக்கரம்) தான் கிளட்ச். பல்லின் முனையும் முனையும் மோதினால் முள் முன்னோ பின்னோ கொஞ்சம் நகரும். அரை வினாடிக்குள் என்றால் விட்டுவிடுங்கள். பல் கடிக்காமல் மேலிருந்து அழுத்தி இணைக்கும் செங்குத்துக் கிளட்ச் உள்ள சீக்கோ 6139, ரோலெக்ஸ் 4130 இரண்டிலும் இது இருக்காது. அவற்றோடு ஒப்பிட வேண்டாம். இன்னொன்று: 7750 வினாடிக்கு 8 துடிப்பு. டயலில் வினாடியை ஐந்தாகப் பிரித்துக் கோடு போட்டிருந்தால் முள் கோட்டுக்கு நடுவே நிற்கத்தான் செய்யும்.

ரீசெட்டுக்கு ஒரு சோதனை. 30 வினாடி ஓடவிட்டு நிறுத்தி ரீசெட் செய்யுங்கள். முள் தள்ளி நின்றால் அதைத் திருத்த முயலாமல், அடுத்து 5 வினாடி மட்டும் ஓடவிட்டு ரீசெட் செய்யுங்கள். அதே தள்ளல் அப்படியே இருந்தால், முள் அதன் தண்டில் வழுக்குகிறது. மறுபடி 12-க்கே வந்துவிட்டால், முள்ளை 12-க்குத் திருப்பும் ஹேமர் என்ற லீவர், தண்டில் உள்ள இதய வடிவக் கேமில் முழுதாக உட்காரவில்லை. அழுக்கு, கெட்டியான கிரீஸ், அல்லது புஷரை (பொத்தானை) அரைகுறையாக அழுத்தியது காரணம். எப்போதும் ஒரே அளவு தள்ளி நின்றால், முள்ளைப் பொருத்தியதே கோணல்.

பதில் 2:
நிமிடக் கணக்கு முள்ளையும் கவனியுங்கள். 58, 59-இல் அசையத் தொடங்கி 60-இல் அடுத்த கோட்டில் விழ வேண்டும். 2, 3 வினாடி தாமதமாக விழுந்தாலோ இரண்டு கோடு தாண்டினாலோ அந்த முள்ளைக் கோட்டில் நிறுத்தும் ஜம்பர் ஸ்பிரிங்கின் அமைப்பு தவறு. க்ரோனோ ஓடும்போது ரீசெட் புஷர் வேலை செய்யக் கூடாது. ஸ்டார்ட் புஷர் கனமாக இருப்பது இதன் சுபாவம்.

கேட்டவர்:
24 மணி நேரத்துக்குப் பிறகு க்ரோனோவோடு 218. நிமிட முள் சரியாக விழுகிறது. 30-லிருந்து ரீசெட் செய்ததும் ஒரு வினாடி தள்ளியது. 5-லிருந்து செய்தபோதும் அதே ஒரு வினாடி. மறுபடி 30-லிருந்து செய்ததும் ஒன்றரை ஆகிவிட்டது.

பதில் 1:
அப்படியானால் முள் வழுக்கல்தான். இயந்திரத்தில் குறை இல்லை. 30-லிருந்து திரும்பும்போது முள் அரைச் சுற்றை ஒரே வீச்சில் கடந்து சட்டென நிற்கிறது. அந்த உதறலில், தண்டில் செருகியுள்ள முள்ளின் தளர்ந்த குழாய் திரும்பிவிடும். வாட்சைத் திருப்பிக் கொடுத்து, முள்ளின் குழாயை இறுக்கித் தரச் சொல்லுங்கள். குழாய் முள்ளிலிருந்தே கழன்று ஆடினால் மறுபடி ரிவெட் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு முள். பசை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்டு வழியே உள்ளே இறங்கினால் நடுச் சக்கரம் கெட்டுப்போகும்.

பதில் 3:
முள்ளை அழுத்திப் பொருத்தும்போது பின்பக்கம் ரோட்டாரை (தானாகச் சாவி கொடுக்கும் எடையை) கழற்றி, க்ரோனோ சக்கரத்தின் கல்லுக்கு (தண்டு முனை சுழலும் மாணிக்கத் தாங்கிக்கு) அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். வெறுமனே அழுத்தினால் அந்தக் கல் பதித்த பிரிட்ஜ் என்ற தகடு வளையும், கல்லும் நகரும். பிறகு க்ரோனோ ஓடும்போது ஆம்ப்ளிட்யூட் இன்னும் விழும். ஆகவே வாங்கும்போது 262 இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். 30-லிருந்து இருபது முறை ரீசெட் செய்யுங்கள். வீட்டில் 12 மணி நேரம் க்ரோனோவை ஓடவிட்டு நிறுத்தி ரீசெட் செய்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். நிறுத்திய பிறகும் 6 மணிப் பக்கத்து மணிக் கணக்கு முள் தானாக ஊர்ந்தால் அதைப் பிடித்து வைக்கும் லீவர் சரியில்லை. அது டயலுக்கு அடியில் இருப்பதால், முள்ளுக்காகக் கழற்றும் இதே சமயத்தில் பார்த்துவிடச் சொல்வது நல்லது.