பர்கூர் பக்கம் 2 ஏக்கர் மாந்தோப்பு: விற்பதா, வைத்திருப்பதா?

பர்கூர்க்காரன்:
பத்து வருஷமாகப் பெங்களூர் கோரமங்களாவில் ஐடி வேலை. ஊரில் (கிருஷ்ணகிரி மாவட்டம்) அப்பாவுக்கு 2 ஏக்கர், முழுக்கப் பெங்களூரா மாமரம், கூழ் ஆலைக்குப் போகும் ரகம். 2025 சீசனில் கூழ் ஆலைக்காரர் சொன்ன விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டவில்லை. பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டார். விற்றுவிடலாம் என்கிறான் அண்ணன். இன்னும் இருபது வருஷத்துக்கு விவசாயத்தில் காசு இருக்குமா? மண்வாசனை வசனம் வேண்டாம், கணக்கு சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
கணக்குதானே? 2018-19 மத்திய அரசு கணக்கெடுப்பில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். பயிரில் வந்தது 3,798. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063! பெயர்தான் விவசாயி. தமிழ்நாட்டில் ஒரு விவசாயி கையில் இருக்கும் நிலம் சராசரியாக முக்கால் ஹெக்டேர், அதுவும் 2015-16 கணக்கு. அதையும் அண்ணன் தம்பி பிரித்தால் என்ன மிஞ்சும்? விற்றுவிடுங்கள்.

மாலூர் மருமகன்:
என் மாமனார் கோலார் பக்கம் மாலூரில் தக்காளி போடுகிறார், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன். வருமானம் குறைவு, சரி. ஏன் குறைவு? 2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வில், நாம் தக்காளிக்குக் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33. மீதி கமிஷன், வண்டி, அழுகல், கடைக்காரர். 2023 ஜூலையில் பெங்களூரில் கிலோ 100 தாண்டியபோது எல்லாரும் கத்தினோம். இரண்டே மாதத்தில் விலை தரைக்கு வந்ததே, அப்போது யாராவது வாய் திறந்தோமா? காசு தொழிலில் இருக்கிறது, வழியில் ஒழுகுகிறது. நிலத்தை விற்றால் ஒழுகல் நிற்காது, நீங்கள்தான் வெளியே போவீர்கள்.
அப்புறம், தேவனஹள்ளியைப் பாருங்கள். பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1,777 ஏக்கரைத் தர மாட்டோம் என்று மூன்று வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் கர்நாடக அரசே கையகப்படுத்தலைக் கைவிட்டது. அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

அல்சூர்வாசி:
விருப்பப்பட்டவர்கள் கூடுதல் விலைக்குத் தரலாம் என்று அதே அறிவிப்பில் சொன்னார்களே, அதை விட்டுவிட்டீர்கள். தேவனஹள்ளித் திராட்சைக்குப் பெங்களூரே சந்தை. பர்கூர் மாங்காய்க்குக் கூழ் ஆலையை விட்டால் யார்?

ராகிக்களி:
(காலையில் களி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன், அதனால் சமாதானமாக இருக்கிறேன்.) இரண்டு பேரும் பயிரை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ராகிக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை வைத்தது. மாம்பழத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 2025 சீசனில் ஆந்திராவில் பெங்களூராவுக்கு ஆலை 8, அரசு 4 என்று கிலோவுக்கு 12 ரூபாய் வைத்தார்கள். கூடவே, வெளிமாநிலப் பெங்களூரா சித்தூருக்குள் வரக் கூடாது என்றும் தடுத்தார்கள். ஒரே ரகம், ஒரே வகை வாங்குபவர் என்று இருந்தால் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தம்பி, எல்லா மரத்தையும் வெட்ட வேண்டாம். பாதி மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டு, வரும் துளிரில் இமாம் பசந்த் (பழமாகச் சாப்பிடும் ரகம்) ஒட்டுக் கட்டலாம். காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை ஊடுபயிராக ராகியோ கொள்ளோ. இரண்டு கறவை மாடும் இருக்கட்டும்.

அல்சூர்வாசி:
மாட்டை யார் பார்ப்பது அண்ணே? இவர் கோரமங்களாவில் இருந்து வீடியோ காலிலா?

பர்கூர்க்காரன்:
அங்கேதான் இடிக்கிறது. அப்பாவுக்கு 68. பறிக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அண்ணனிடம் பேசினேன். ஒரு ஏக்கரை மூன்று வருஷக் குத்தகைக்கு விட்டு, மீதியில் ஒட்டு மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறான். அதற்குள் நல்ல விலை வந்தால் விற்போம் என்ற நிபந்தனையோடு.

மாலூர் மருமகன்:
ஒட்டு பிடிக்கத் தண்ணீர் வேண்டுமே. போர்வெல் எத்தனை அடி?

பர்கூர்க்காரன்:
900. ஏப்ரலில் காற்றுதான் வருகிறது.

அல்சூர்வாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்!