ஒரே வரி இரண்டு இடத்தில் தெரிகிறது, ஒன்றை அழித்தால் இரண்டும் போகிறது (அவசரம்)

துறைமுகக்கணக்கு: கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மூன்று விசைப்படகுகளுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். காலையில் கணினியில் கணக்கு ஷீட்டைத் திறந்தால் திரை நாலு துண்டாகக் கிடக்கிறது, டீசல் செலவு வரி மேலேயும் இருக்கு, கீழேயும் இருக்கு. தப்பாக இரண்டு தடவை ஏறிவிட்டது என்று கீழே இருந்ததை அழித்தேன், மேலே இருந்ததும் போய்விட்டது. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, அதற்குள் பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வில்லியனூரான்: எந்த மென்பொருள், எக்செலா, கால்க்கா? எந்த வருட பதிப்பு? அழித்த பிறகு ஃபைலை மூடினீர்களா?

நெல்லிக்குப்பம்: வைரஸ்தான். எங்கள் கடையிலும் பென்டிரைவில் வந்தது. ஃபார்மேட் போடுங்கள்.

வில்லியனூரான்: அண்ணே, கணக்கு உள்ளே இருக்கும்போது ஃபார்மேட் என்று சொல்லாதீர்கள்.

பழையவர்: கேட்பதற்கு முன் வியூ மெனுவை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம், எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன். அது ஸ்பிளிட், திரையைத் துண்டாகப் பிரித்துக் காட்டும் வசதி. இரண்டு பிரதி கிடையாது, ஒரே தாளை நாலு ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். அதனால்தான் ஒன்றில் அழித்தால் மற்றதிலும் போகிறது. முதலில் கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், அழித்தது ரத்தாகும். சேமித்திருந்தாலும் ஃபைலை மூடாதவரை வரி திரும்ப வரும்.

துறைமுகக்கணக்கு: எக்செல் 2010. மூடவில்லை. நான் ஸ்பிளிட் எதையும் தொடவே இல்லையே?

பழையவர்: 2010-இல் வலப்பக்க ஸ்க்ரோல் பாருக்கு மேலே ஒரு சின்னக் கட்டை இருக்கும், கிடைமட்ட பாரின் வலது முனையில் இன்னொன்று. கை பட்டு இழுபட்டாலே பிரிந்துவிடும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள்.

வில்லியனூரான்: 2013-இல் அந்தக் கட்டையை எடுத்துவிட்டார்கள். நல்ல வேலை. துண்டுகளுக்கு நடுவில் மெல்லிய சாம்பல் கோடு மட்டும் இருந்தால், இரண்டும் ஒரே தாள் என்று யாருக்குத் தெரியும்?

பழையவர்: 3000 வரி ஷீட்டில் மேலேயும் கீழேயும் ஒப்பிட அந்தக் கட்டைதான் கைக்கு எளிது. மெனுவுக்குப் போய் வருவது நேர விரயம்.

நெல்லிக்குப்பம்: ஸ்பிளிட்டே வேண்டாம், மேல் வரிகளை நகராமல் நிறுத்தி வைக்கும் ஃப்ரீஸ் பேன்ஸ் போடுங்கள்.

வில்லியனூரான்: அதிலும் வம்பு உண்டு. 15-ஆம் வரி மேலே நிற்கும்போது ஃப்ரீஸ் போட்டால் முதல் 14 வரிக்குப் போகவே முடியாது, அன்ஃப்ரீஸ் செய்யும்வரை. என் மாமா ஒரு வாரப் பற்றுவரவு தொலைந்தது என்று பதறிவிட்டார். உள்ளேதான் இருந்தது.

பழையவர்: முதல் வரிக்குப் போய்விட்டு ஃப்ரீஸ் போட வேண்டும். அது கருவியின் தப்பு இல்லை.

வில்லியனூரான்: மறைந்திருக்கிறது என்று ஒரு அடையாளமாவது காட்ட வேண்டாமா? கணக்கு எழுதுகிறவர் பதறினால் கருவியின் தப்புதான்.

துறைமுகக்கணக்கு: வரி வந்துவிட்டது. கோடும் போய்விட்டது. நன்றி, படகு வருகிறது, கிளம்புகிறேன்.